மனுவில் இல்லாதவர்கள்

தபால்காரர் வந்தபோது ரோசரி மாரியாயியின் இடுப்பில் இருந்தாள். குளித்த தலையில் சுற்றிய துண்டு, ஒரு கை மாரியாயியின் கழுத்தில், இன்னொரு கையில் சோப்பு டப்பா. வெங்காய மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு மாரியாயி பதினொரு மணிக்குத் திரும்பியதும் முதல் வேலை இதுதான். முப்பத்தாறு வயதுப் பெண்ணைக் குழாயடி மறைப்பிலிருந்து மூன்றாம் வீட்டு வாசல் வரைக்கும் அள்ளிக்கொண்டு வருவாள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத்தான் அது அதிசயம். பாலக்கரையில் அந்த ஸ்டோரில் வரிசையாக இருந்த பன்னிரண்டு குடித்தனத்துக்கும் அது தினம் நடக்கிற சங்கதி.

"ரோசரிம்மா, கவர்மெண்டு கவரு வந்திருக்கு," என்றார் தபால்காரர்.

"கை ஈரமா இருக்குண்ணே. அப்படியே பல்லுல வைங்க," என்று ரோசரி வாயைத் திறந்தாள்.

அவரும் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனார். அரசாங்கத்தின் பழுப்பு உறையைப் பல்லில் கவ்விக்கொண்டு ரோசரி வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தாள். மாரியாயி அவளைப் பாயில் இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். இரண்டு மாதமாக ஸ்டோரே காத்திருந்த கவர் அது.

"சைக்கிளா, மாசப் பணமா? எது குடுக்குறானாம்?"

ரோசரி படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். அவள் படிக்கிற வேகம் ஸ்டோரில் எல்லாருக்கும் தெரியும், ரேஷன் கார்டு பாரத்தை முறுக்குத் தின்கிற நேரத்தில் முடித்துவிடுவாள். அதனால் மாரியாயி கிட்டே வந்து குனிந்தாள்.

"என்னடி, வாய் விட்டுப் படி."

"விசாரணையில எனக்கு எந்த ஆதரவும் இல்லைன்னு உறுதியாயிருச்சாம். நான் தனியா இருக்கிறது உயிருக்கு ஆபத்தாம். அதனால செங்கல்பட்டுப் பக்கத்துல ஒரு இல்லத்துல சேக்குறாங்களாம். பதினாலாம் தேதி காலைல பத்து மணிக்கு ஜீப்பு வருமாம். ஒரு பெட்டிக்கு மேல எடுத்துக்கிட்டு வரக் கூடாதாம்."

"யாரைச் சேக்குறாங்க?"

"என்னைத்தான்."

"அடிப்பாவி," என்று மாரியாயி நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"எனக்கு என்னைக்கு ஓடுச்சு," என்றாள் ரோசரி. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

இந்த வினையை யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. ரோசரியே தன் அழகான கையெழுத்தில் எழுதி, மடித்து, தபால்தலை ஒட்டி வரவழைத்துக்கொண்டது. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் இரண்டு காலையும் எடுத்துக்கொண்டதே தவிர, மற்றதில் கை வைக்கவில்லை. அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். பத்தாவது வரை சைக்கிள் கேரியரில் வைத்து ஸ்கூலுக்குக் கொண்டுபோய்ப் படிக்கவைத்தார். அவர் போன பிறகு அம்மா பார்த்துக்கொண்டாள். அம்மாவும் போன பிறகு, ஒப்பாரி வைக்க வந்த ஸ்டோர் அப்படியே பார்த்துக்கொண்டது. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. குழாயடிக்கும் கக்கூஸ் கழுவுவதற்கும் ஏற்கெனவே முறை இருந்தது. அந்த முறையிலேயே ரோசரியும் சேர்ந்துவிட்டாள். காலையில் ஸ்டோரிலேயே குடியிருந்த பிலோமின்ராஜும் வீரமலையும் அவளை நாற்காலியோடு தூக்கி, மூன்று படி ஏற்றிப் பின்கட்டில் வைப்பார்கள். பிலோமின்ராஜின் மனைவி இருதயமேரி கைத்தாங்கலாகக் கக்கூஸுக்குள் கொண்டுபோவாள். குளியல் மாரியாயி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ரிக்‌ஷாக்கார அம்மாசி. நாற்காலியும் சாதாரண நாற்காலி இல்லை. பொன்மலையில் ஃபிட்டராக இருந்த பிலோமின்ராஜ் பழைய தண்ணீர்க் குழாய்களை இரண்டு பக்கமும் பற்றவைத்து, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு கைப்பிடி நீட்டிவிட்டிருந்தான்.

பதிலுக்கு ரோசரி எழுதினாள். ரயில்வே பாஸ், பள்ளிக்கூடச் சேர்க்கை, விதவைப் பணம், முனிசிபாலிட்டிக் குழாய் என்று ஸ்டோரிலிருந்து போன காகிதம் எல்லாமே அவள் எழுத்து. மனு எழுதுவதற்கென்று ஒரு நடை உண்டு என்பது அவளுடைய திடமான நம்பிக்கை. உள்ளதை உள்ளபடி எழுதினால் எந்தக் குமாஸ்தா பார்ப்பான்? ரோசரி எழுதும் மனுவில் ஒழுகாத கூரை கிடையாது. உயிரோடு இருக்கிற மாமியார் படுத்த படுக்கையாவாள், சம்பாதிக்கிற மச்சான் காணாமலே போய்விடுவான். மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்தில் இதையும் ஒரு பாவமாகச் சொல்லிவிடுவாள். சாமியாரும் பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். அவள் எழுதிய மனு திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே இருந்தது.

அது எண்பத்தொன்று. சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு என்று அரசாங்கம் சுவரெல்லாம் எழுதி வைத்திருந்தது. மூன்று சக்கர சைக்கிளும் மாத உதவித்தொகையும் தருகிறார்கள் என்று அம்மாசிதான் சவாரிக்காரர் ஒருவர் சொல்லக் கேட்டுவந்து சொன்னார். ரோசரி முதல்முறையாகத் தனக்கென்று உட்கார்ந்து எழுதினாள். ஒரு வாய்த் தண்ணீர் தர நாதியற்ற அபலை, அண்டை அயலாரும் ஏறெடுத்துப் பாராத அநாதை, அடுத்த வேளையை ஆண்டவனே அறிவான் என்று மூன்று பக்கம். படித்துக் காட்டியபோது இருதயமேரி நிஜமாகவே அழுதாள். அப்போது ரோசரிக்குத் தலை வாரிக்கொண்டிருந்ததும் அவள்தான்.

விசாரணைக்கு வந்தவர் அழகிரி என்ற சின்ன அதிகாரி. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கி, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு சந்துக்குள் விசாரித்து நடந்து வந்தார். ஸ்டோர் தயாராக இருந்தது. நாற்காலியைப் பிலோமின்ராஜ் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தான். அம்மாசி ரிக்‌ஷாவை அடுத்த தெருவில் விட்டிருந்தார். ரோசரி சொல்லிக்கொடுத்ததை எல்லாரும் ஒழுங்காகச் சொன்னார்கள், மாரியாயி மட்டும் கொஞ்சம் அதிகமாகவே சொன்னாள். "யாரு சாமி பாக்குறா? நாயிகூட எட்டிப் பாக்காது. நாங்கள்லாம் அவங்கவங்க பொழப்பப் பாக்குறவங்க." அழகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கொடுத்த காப்பியைக்கூட அவர் குடிக்கவில்லை. குடித்திருந்தால் அது இருதயமேரி வீட்டுக் காப்பி என்று கண்டுபிடித்திருப்பாரோ என்னவோ.

நல்ல மனிதர். நம்பிவிட்டார். அதுதான் வந்த வினை.

அன்று சாயங்காலம் ஸ்டோரில் நடந்த சண்டையில் குழாயில் தண்ணீர் வந்து நின்றதுகூட யாருக்கும் தெரியவில்லை. "நாயிகூடன்னு உன்னை யாருக்கா சொல்லச் சொன்னா?" என்றான் பிலோமின்ராஜ். "ஏன், நீ நாற்காலிய ஒளிச்சு வைக்கலையா? பெருசா பேச வந்துட்ட," என்றாள் மாரியாயி. கடைசியில் எல்லாருமாக ரோசரியைப் பார்த்தார்கள். ரோசரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இல்லம் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு நடுவே ஒன்பது வயதில் இரண்டு வருஷம் அப்படி ஓர் இடத்தில் இருந்திருக்கிறாள். அங்கே யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. சோறுகூட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் மணி. மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால்தான் ஒன்றுக்குப் போக முடியும். அடுத்த மணி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த நாட்களில் அவள் வேறு எதையும் நினைத்ததில்லை, படித்ததில்லை, சிரித்ததில்லை. விடுமுறைக்கு வந்தவளைப் பார்த்துவிட்டு அப்பாதான் இனி அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். இங்கே எந்நேரமும் "யாராவது இருக்கீங்களா" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். பன்னிரண்டு வீட்டில் ஒரு வீட்டிலாவது ஆள் இருக்கும். முனகிக்கொண்டாவது வரும்.

"நான் போகமாட்டேன்," என்றாள். "நான் எழுதினதை நானே அழிக்கிறேன். காகிதம் எடுங்க."

அழிப்பது லேசாக இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதிப் பழக்கமில்லாத கை அது. "என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். முன்பு எழுதியது தவறு. எனக்கு இல்லம் வேண்டாம்." அவ்வளவுதான் வந்தது. அரைப் பக்கம்கூட இல்லை. ஒரு அடைமொழி, ஒரு கண்ணீர் கிடையாது. இதைப் பார்த்து எந்தக் குமாஸ்தா மனம் இரங்குவான் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் உத்தரவில் இருந்த மெட்ராஸ் விலாசத்துக்கு அனுப்பினாள். பதினாலாம் தேதிக்கு மிச்சமிருந்த ஒன்பது நாளும் தபால்காரர் வெறுங்கையை விரித்துக்கொண்டு போனார்.

பதினாலாம் தேதி பத்து மணிக்குச் சந்து முனையில் ஜீப் வந்து நின்றது. அழகிரி இறங்கி வந்தார். இந்த முறை நாற்காலி முற்றத்தின் நடுவில் இருந்தது. அதில் ரோசரி, தலைவாரிப் பூ வைத்து, கஞ்சி போட்ட புடவையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கூலியை விட்டுவிட்டு நின்ற மாரியாயி. இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் சிவந்த கண்ணோடு பிலோமின்ராஜ். பீடியைக் காதில் செருகிக்கொண்டு அம்மாசி. வீரமலைக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. பெட்டி எதுவும் கட்டியிருக்கவில்லை.

"பெட்டி எங்கம்மா?" என்றார் அழகிரி.

"உக்காருங்க சார். உங்ககிட்ட நான் சொன்னது பூரா பொய்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். யார் எத்தனை மணிக்குத் தூக்குகிறார்கள், எங்கே வைக்கிறார்கள், யார் முதுகு தேய்க்கிறார்கள் என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அழகிரியின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. அவருக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. பாவம், பயம்தான் வந்தது.

"நீங்க குடுத்ததை நம்பித்தானே நான் எழுதினேன். இப்போ என் ரிப்போர்ட்டே பொய்யாயிடும்மா. சரி, ஆதரவு இருக்குன்னு மாத்தி எழுதறேன்னு வைங்க. அப்போ உங்களுக்கு ஸ்கீமே கிடையாது. சைக்கிளும் வராது, பணமும் வராது. எங்க பாரத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு. ஆதரவு உண்டு, ஆதரவு இல்லை."

"அதுதான் சார் தப்பு," என்றாள் ரோசரி. தன் குரல் இவ்வளவு நிதானமாக இருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "யாருமே இல்லைன்னா தூக்கிட்டுப் போயி செங்கல்பட்டுல போட்டுருவீங்க. நாலு பேரு இருந்தா, அவங்களே தூக்கிட்டுக் கெடக்கட்டும்னு விட்டுருவீங்க. இந்த மாரியாயிக்கா மண்டியில மூட்டை தூக்கிட்டு வந்து என்னையும் தூக்குது. ராத்திரி பூரா இடுப்புக்குத் தைலம் தேய்க்குது. நான் போயிட்டா அதுக்கு இடுப்பு வலி போயிடும். எனக்கு எல்லாமே போயிடும்."

"யாருடி இப்ப இடுப்பு வலின்னு சொன்னா?" என்றாள் மாரியாயி.

"அக்கா, நீ சும்மா இரு. சார், அங்க எனக்குக் கட்டில், சோறு, தண்ணி, ஒரு ஆயா எல்லாம் குடுப்பீங்கல்ல? அதை இங்க கொண்டாந்து குடுங்க. ஆயா வேணாம், பன்னெண்டு வீடு இருக்கு. அந்த மூணு படிக்குச் சரிவா ஒரு சிமெண்ட் போட்டு, ஒரு சைக்கிள் குடுத்தா, பாதி நேரம் நானே போயிக்குவேன். மீதி நேரத்துக்குத்தான் இவங்க."

"அப்படி ஒரு ஸ்கீம் இல்லைம்மா."

"இல்லைன்னா, இல்லைன்னு யாராவது மேல சொல்லணும்ல?"

அழகிரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இல்லத்தில் சேர்க்கிற உத்தரவை நிறுத்த அவரால் முடியாது. அதைப் போட்ட பெரிய அதிகாரி மெட்ராஸிலிருந்து வந்து இன்று ஒருநாள் கண்டோன்மென்ட் ஆபீஸில் இருக்கிறார். ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் திரும்பிவிடுவார். மனுதாரரே நேரில் வந்து சொன்னால் கேட்பார். ஆனால் அவர் அறை மாடியில் இருக்கிறது.

"அவர் கீழ வரமாட்டாரா?" என்றான் பிலோமின்ராஜ்.

"வருவார். ஆனா வாங்கன்னு நான் சொல்ல முடியாதுங்க," என்றார் அழகிரி. அதை அவர் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதால் ரோசரிக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

"ஜீப்பு எதுக்கு வந்திருக்கு?" என்றாள். "என்னை ஏத்தத்தானே? ஏத்துங்க."

ஜீப்பின் பின்பக்கம் நாற்காலியை நெருக்கி வைத்து, அதைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மேலப்புதூர் வழியாகப் போகும்போது மாரியாயி வழியெல்லாம் மாரியம்மனையும் மாதாவையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள். ரோசரிக்குப் பயம்தான். ஆனால் நல்ல வெயில், காற்று முகத்தில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில் ஊரைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு புதுக் கட்டடம் முளைத்திருந்தது. இதை யாருமே நமக்குச் சொல்லவில்லையே என்று அவளுக்குக் கோபமாகக்கூட இருந்தது.

ஆபீஸ் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். மாடிப்படி குறுகல், செங்குத்து, இருபத்திரண்டு படி. ஊனமுற்றோருக்கான ஆண்டு என்று எழுதிய தட்டி படிக்கட்டின் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அடடா, இதைத்தான் நமக்காகவே கட்டிவச்சிருக்கான்," என்றார் அம்மாசி.

ஸ்டோரின் மூன்று படிக்கு இரண்டு பேர் போதும். இதற்கு நாலு பேர் வேண்டும், அதுவும் பின்னால் வருகிற இரண்டு பேர் குழாயைத் தோளுக்கு ஏற்றினால்தான் நாற்காலி சாயாமல் இருக்கும். முன்னால் மாரியாயியும் அம்மாசியும் நின்றார்கள், பின்னால் வலது பக்கம் பிலோமின்ராஜ். இடது பக்கக் கைப்பிடி ஆளில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. வாசலில் இருந்த பியூன் கடிகாரத்தைப் பார்த்தான். ஜீப் டிரைவர், வண்டியை விட்டு வரக்கூடாது என்று உத்தரவு என்றான். அழகிரி ஃபைலை அணைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

ரோசரி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், அந்த ஃபைலை என் மடியில வச்சிருங்க."

"எதுக்கும்மா?"

"ரெண்டு கையும் வேணும் உங்களுக்கு."

அழகிரி மாடியைப் பார்த்தார். தன் இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று யாருக்குத் தெரியும். ஃபைலை ரோசரியின் மடியில் வைத்தார், கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார், குனிந்து குழாயைப் பிடித்தார்.

"இடுப்பை வளைக்காதீங்க சாமி, முழங்காலை மடக்குங்க," என்றாள் மாரியாயி, மண்டியில் புது ஆளுக்குச் சொல்கிற மாதிரியே. "தோளுக்கு ஏத்துங்க. ஆங், அப்படித்தான். நான் ஐலசான்னதும் கால் வைங்க."

ஐலசா என்றாள். ஏறினார்கள். எட்டாவது படியில் அழகிரி தடுமாறினார், நாற்காலி இடதுபுறம் சரிந்தது. ரோசரி ஒரு கையால் குழாயைப் பற்றிக்கொண்டாள். "விட்டுறாதீங்க சார்!" "விடல, விடல," என்றார் அவர், பல்லுக்கு நடுவிலிருந்து. பன்னிரண்டாவது படியில் காகிதக் கட்டோடு இறங்கி வந்த இரண்டு குமாஸ்தாக்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். ஒருவர் அழகிரியை அடையாளம் கண்டு வாயைப் பிளந்தார். பதினாறாவது படியில் அழகிரியே ஐலசா என்று மாரியாயியோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவருடைய மூச்சு ரோசரியின் பிடரியில் சூடாக வந்து மோதியது. இவரிடம் போய் அவ்வளவு பொய் சொன்னோமே என்று அவளுக்கு முதல்முறையாக நிஜமாகவே வருத்தமாக இருந்தது. அதற்கு மூன்று அருள்நிறை மரியே போதாது.

இன்னும் மூன்று படி இருக்கும்போது மேலே கதவு திறந்தது. சத்தம் கேட்டுத்தான் வந்திருப்பார். உயரமான மனிதர், சபாரி சூட், கையில் பேனா. படியின் உச்சியில் வந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றார். இவர்களால் மேலேயும் ஏற முடியவில்லை, அந்தப் படியில் நாற்காலியை இறக்கவும் முடியாது. நான்கு பேரும் அப்படியே தாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"என்னய்யா இது? யாரு இந்தம்மா?"

"பாலக்கரை ரோசரி சார்," என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அவர் குனிந்து பார்த்தார். "அழகிரியா அது? இன்னிக்கு செங்கல்பட்டு போக வேண்டிய கேஸ்தானே? பாத்துக்க யாருமில்லேன்னு நீதானே எழுதியிருக்கே. அப்ப இவங்கள்லாம் யாரு?"

மாரியாயி வாயைத் திறந்தாள், நல்லவேளையாக அவளுக்கு மூச்சு வாங்கியது. பிலோமின்ராஜ் தோளில் குழாயை மாற்றி வைத்தான்.  இத்தனை வருஷமாக ரோசரி காகிதத்தில் எழுதிக் குவித்த சொல்லில் ஒன்றுகூட இப்போது வரவில்லை. அவளுடைய முதுகுக்குப் பின்னாலிருந்து அழகிரிதான் பேசினார். குரல் திக்கித் திக்கி வந்தது.

"நாங்கதான் சார்."

பெரிய அதிகாரி பேனாவை மூடினார். மாரியாயியைப் பார்த்தார், அம்மாசியைப் பார்த்தார், தோளில் குழாயோடு வியர்த்து நனைந்து நின்ற தன் ஆபீஸ் ஆளைப் பார்த்தார். அவ்வளவு பெரிய மனிதருக்கு ஒரு வணக்கம் சொல்ல அந்த நான்கு பேரில் ஒருவர் கையும் காலியாக இல்லை. ரோசரிதான் மடியில் இருந்த ஃபைலின் மேல் இரண்டு கையையும் சேர்த்து, ஐந்து பேருக்குமாகக் கும்பிட்டாள்.